கீழே நிற்பவர்கள்

டிசம்பர் கடைசி வாரத்தில் பெங்களூரிலிருந்து வரும் ஹம்பி எக்ஸ்பிரஸ், காலையில் ஹொசபேட்டை நிலையத்தில் நிற்கும்போது இறங்குகிற கூட்டத்தில் சிலரை உடனே அடையாளம் கண்டுகொள்ளலாம். முதுகில் இரண்டாக மடித்த தடிமனான மெத்தை. அதன் மடிப்புக்குள் துணிமணி, தண்ணீர் பாட்டில், ரப்பர் ஷூ எல்லாம் அடக்கம். விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த ஹம்பியைப் பார்க்க உலகமே வருகிற ஊரில், இவர்களுக்குக் கோயில் பார்க்கும் அவசரம் கிடையாது. இவர்கள் தேடி வந்தது அந்தக் கோயில்களைச் சுற்றியும், வயல்களுக்கு நடுவிலும், துங்கபத்திரையின் இரு கரைகளிலும் குவிந்து கிடக்கிற பாறைகளை.

போல்டரிங் என்கிற இந்த விளையாட்டில் கயிறு கிடையாது. இடுப்பில் பட்டை கிடையாது. ஏறும் பாறை பெரும்பாலும் நாலைந்து மீட்டர் உயரம்தான். காலை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் ஷூ, விரல் வியர்வையை உறிஞ்சும் சாக் பவுடர், கீழே விரிக்க ஒரு மெத்தை, அவ்வளவுதான் தளவாடம். ஒரு பாறையில் ஏறுவதற்கான ஒரு குறிப்பிட்ட வழியை ‘பிராப்ளம்’ என்பார்கள். ஆறேழு அசைவுகளில் முடிந்துவிடும் வழி. ஆனால் அந்த ஆறேழு அசைவுக்காகவே சிலர் ஆண்டுதோறும் விடுப்பெடுத்துக்கொண்டு அதே பாறைக்குத் திரும்பி வருகிறார்கள்.

மலையேறிகள் ஒரு காலத்தில் இதைப் பெரிய சிகரங்களுக்கான பயிற்சியாகத்தான் பார்த்தார்கள். ஜான் கில் என்ற அமெரிக்கர் 1950களில் அந்தப் பார்வையை மாற்றினார். தொழிலால் கணிதப் பேராசிரியர். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் கையில் பூசும் சாக்கைப் பாறைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். சின்னப் பாறையில் பெரிய கஷ்டத்தைத் தேடிப்போவது தன்னளவிலேயே முழுமையான விளையாட்டு என்று 1969-இல் எழுதினார். இன்று அது ஒலிம்பிக் வரை போய்விட்டது. டோக்கியோவிலும் பாரிஸிலும் பதக்கப் போட்டியில் போல்டரிங் ஒரு பகுதியாக இருந்தது.

கயிற்றில் ஏறுவதற்கு இரண்டு பேர் போதும். ஒருவர் ஏற, இன்னொருவர் கீழிருந்து கயிறு பிடிக்கலாம். கயிறே இல்லாத போல்டரிங்கைத் தனியாளின் விளையாட்டு என்றுதானே நினைப்போம்? நடப்பதோ நேர்மாறு. காரணம் முதலில் மிகச் சாதாரணமானது: மெத்தைக் கணக்கு.

மெத்தைக் கணக்கு

கிராஷ் பேட் எனப்படும் இந்த மெத்தை ஒன்றை விரித்தால் சுமார் ஒரு மீட்டர் அகலம், அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நீளம். பத்து சென்டிமீட்டர் அளவில் தடிமன். மேலடுக்கில் அழுத்தமான நுரை, அடியில் மெத்தென்ற நுரை. விழுகிற உடம்பின் வேகத்தை மேலடுக்கு பரப்பிவிட, கீழடுக்கு வாங்கிக்கொள்ளும். இந்த மெத்தைகள் கடையில் விற்பனைக்கு வந்ததே 1990களில்தான். அதற்கு முன்னால் ஆடியவர்கள் வெறும் மண்ணில் குதித்தவர்கள்.

ஒரு மெத்தை ஓராளின் நேர்கீழ் விழுதலுக்குப் போதும். ஆனால் பாறையில் யாரும் நேர்கீழே விழுவதில்லை. பக்கவாட்டில் எட்டிப் பிடிக்கப் போய்க் கை நழுவினால் உடம்பு ஊஞ்சலாடி இரண்டு மீட்டர் தள்ளிப் போய் விழும். ஹம்பியில் தரையும் சமதளமாக இருக்காது. பாறைக்கு அடியிலும் பாறைதான். பள்ளத்தை ஒரு மெத்தையால் நிரப்பி, அதன்மேல் இன்னொன்றை விரித்து, பக்கத்தில் துருத்தும் கல்லை மூன்றாவதால் மூடினால்தான் ஏற முடியும். இந்த ஆட்டத்தில் கணுக்கால் பிசகுவது அதிகம். அதுவும் இரண்டு மெத்தைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் கால் சிக்குவதால். மெத்தை விலையோ லேசானதல்ல. ஒருவர் ஒன்றுக்கு மேல் வாங்குவதும் கஷ்டம், சுமப்பதும் கஷ்டம். ஆக, ஐந்து மெத்தை வேண்டுமென்றால் ஐந்து பேர் வேண்டும். நண்பர்கள் இருப்பதால் சேர்ந்து போகிறார்கள் என்பதைவிட, சேர்ந்து போக வேண்டியிருப்பதால் நண்பர்கள் ஆகிறார்கள் என்பதே இங்கே பொருத்தம்.

மெத்தைக்கு அடுத்தது கைகள். ஒருவர் ஏறும்போது இரண்டு பேராவது கீழே கைகளை உயர்த்தியபடி நிற்பார்கள். இதற்கு ஸ்பாட்டிங் என்று பெயர். விழுகிறவரைத் தாங்கிப் பிடிப்பது இவர்கள் வேலை இல்லை. அப்படிப் பிடித்தால் இரண்டு பேருக்கும் எலும்பு முறியும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும், விரித்து வைத்தால் மடங்கிவிடும். பார்வை ஏறுபவரின் கைமீது போகக்கூடாது, இடுப்பின்மீதே இருக்க வேண்டும். விழும்போது இடுப்பையோ முதுகையோ தள்ளி, உடம்பு நிமிர்ந்தபடி மெத்தை நடுவே கால் ஊன்றச் செய்ய வேண்டும். தலை பாறையில் மோதக்கூடாது என்பதே முழுமுதல் கவனம்.

மாலை நாலரை மணிக்கு வெயில் தணிகிற நேரத்தில் ரிஷிமுக் பீடபூமிப் பக்கம் போய் நின்றால் இதை அருகிலிருந்து பார்க்கலாம். பாறையின் கவிந்த வயிற்றுப் பகுதியில், தலைகீழாக இல்லாத குறையாக ஒரு பெண் தொங்கிக்கொண்டிருப்பாள். குதிகால் ஒரு விளிம்பில் கொக்கிபோட்டிருக்கும். இடது கையின் மூன்று விரல்கள் தீப்பெட்டிக் கனமே உள்ள ஒரு படிகத் துருத்தலில் நிற்கும். கீழே இருப்பவர்களில் பாதிப்பேரை அவளுக்கு அன்று காலைதான் தெரியும். “வலது கால் இன்னும் கொஞ்சம் மேல, மேல... அங்கதான், நில்லு!” என்று தமிழில் ஒரு குரல் வரும். “பரத்தே, பரத்தே!” என்று கன்னடத்தில் ஒன்று. “அல்லே!” என்று பிரெஞ்சில் ஒன்று. அவள் கை பாயும் நொடியில் அத்தனை குரலும் ஒரே சமயத்தில் அடங்கி, அத்தனை கைகளும் ஒரே சமயத்தில் உயரும். நழுவினால் இரண்டு பேர் அவளை மெத்தையில் நிற்கவைத்துவிட்டு, எந்த இடத்தில் இடுப்பு பாறையைவிட்டு விலகியது என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். மெத்தையை அரையடி நகர்த்திப் போட்டு அடுத்தவர் ஷூ மாட்டுவார்.

போட்டியாளர்களே ஒருவருக்கொருவர் விடை சொல்லிக்கொடுக்கும் விளையாட்டு வேறு எது இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். உயரமானவர் எட்டிப் பிடிக்கிற இடத்தைக் குட்டையானவர் காலை மடித்து, உடலைத் திருப்பி வேறு விதமாகக் கடப்பார். அதைப் பார்த்து உயரமானவர் தன் வழியை மாற்றிக்கொள்வார். பலம் மட்டும் போதாத ஆட்டம் என்பதால் பாறையடியில் ஆண்களும் பெண்களும் ஒரே பிராப்ளத்தில் மாறி மாறி ஏறுகிறார்கள். கல்லூரி மாணவி, வங்கி மேலாளர், மென்பொருள்காரர், ஹோட்டலில் சமைப்பவர் என யாராக இருந்தாலும் விரல் தோல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் அங்கே விசாரிப்பு.

தோல் ஆற ஒரு நாள்

இந்தத் தோல்தான் ஹம்பி விடுமுறையின் நேரக்கணக்கைத் தீர்மானிக்கிறது. சுமார் 250 கோடி ஆண்டுகள் வயதான கருங்கல் இது. பூமிக்கடியில் குளிர்ந்து, குறுக்கும் நெடுக்குமாக விரிசல்விட்டு, விரிசலில் இறங்கிய நீர் மூலைகளை முதலில் அரித்து, பிறகு மண் கழுவிப்போய் வெளியே தெரிந்தவை இந்த உருண்டைகள். எங்கிருந்தோ உருண்டுவந்தவை போலத் தோன்றினாலும் பெரும்பாலானவை இருந்த இடத்திலேயே உருவானவை. மேற்பரப்பில் படிகங்கள் கூர்மையாக நிற்கின்றன. இரண்டு நாள் ஏறினால் விரல்நுனி ரோஸ் நிறமாகி எரியும். மூன்றாம் நாள் ரத்தம் கசியும். வெயிலேறிய கல்லில் வியர்வை வழுக்கும். அதனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சீசன். அதிலும் விடிகாலையும் மாலையும்தான் ஏற்றம். நடுப்பகல் முழுக்கச் சும்மா இருந்தாக வேண்டும்.

அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் சமூகம் உண்டாகிறது. வாழைத்தோட்ட நிழலில் ஒரு பாயில் பத்துப் பேர் படுத்திருப்பார்கள். ஒருவர் விரலுக்கு டேப் சுற்றிக்கொள்ள, இன்னொருவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கங்காவதிக்குப் போய்க் காய்கறி வாங்கிவருவார். தோல் ஆறவேண்டிய ஓய்வு நாளில் கூட்டமாக விருபாட்சர் கோயிலுக்கும் விட்டலர் கோயில் கல்தேருக்கும் போவார்கள். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டுவரை ஒரு கூட்டம்; ஜனவரியில் குடியரசு தினத்தையொட்டி நீளும் வாரக்கடைசிக்கு இன்னொரு கூட்டம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குப் பொங்கல் விடுமுறை தோதாக அமைகிறது. சென்னையிலிருந்து மும்பை ரயிலில் குண்டக்கல் வரை போய், அங்கிருந்து பெல்லாரி வழியாக ஹொசபேட்டை. அல்லது பெங்களூரில் வேலை பார்க்கும் தோழர்களோடு சேர்ந்துகொள்வது. ‘பொங்கலுக்கு ஊருக்கு வரமாட்டாயா?’ என்று கேட்கும் வீடுகளுக்குப் பதில் சொல்வது கஷ்டம்தான். ‘யாரோடு போகிறாய்?’ என்ற அடுத்த கேள்விக்குப் பதில் சொல்வது அதைவிடக் கஷ்டம். போகும்போது பாதிப்பேரின் பெயர் அவர்களுக்கே தெரியாது.

ஆண்டுக்கொருமுறை கூடிப் பாறையடியில் வாழ்வது புதிதல்ல. பாரிஸுக்குத் தெற்கே ஃபோன்தென்புளோ காட்டின் மணற்கல் பாறைகளுக்கு நூறாண்டுகளாகவே பாரிஸ்வாசிகள் வாரக்கடைசியில் ரயிலேறிப் போகிறார்கள். 1935-இல் ஆல்ப்ஸ் மலையின் ட்ரு சிகரத்து வடமுகத்தை முதன்முதலில் ஏறிய பியேர் ஆலன் அந்தக் காட்டில் பழகியவர். இன்றைய ரப்பர் ஷூவுக்கு முன்னோடியை வடிவமைத்தவரும் அவரே. 1947-இல் அங்கே ஒருவர் பாறைகளில் சின்னச் சின்ன அம்புக்குறிகளைப் பெயிண்டால் வரைந்து, ஒரு பாறையிலிருந்து அடுத்ததற்குப் போகும் சுற்று ஒன்றை உருவாக்கினார். முதல்முறை வருகிற அந்நியர்கூட யாரையும் கேட்காமல் அந்தக் குறிகளைப் பின்தொடர்ந்து நாள் முழுக்க ஏறலாம். குழந்தைகளுக்கென்றே இன்று தனிச் சுற்றுகள் உண்டு. மூன்று தலைமுறை ஒரே பாறையடியில் மதியச் சாப்பாடு பிரிக்கும் காடு அது.

தீவு இருந்தது

ஹம்பிக்கு அப்படி ஒரு நீண்ட மரபு இல்லை. 2003-இல் வெளிவந்த ‘பில்கிரிமேஜ்’ என்ற படம்தான் இந்த ஊரை உலகப் பாறையேறிகளின் வரைபடத்தில் பெரிதாக எழுதியது. அன்றைக்கு உலகின் முன்னணி ஏறியான கிறிஸ் ஷர்மா, கேட்டி பிரவுன், நேட் கோல்டு ஆகியோர் ஹம்பிப் பாறைகளில் ஏறுவதைக் காட்டிய படம். அதன் பிறகு ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் குளிர்காலம்தோறும் ஆட்கள் வந்தார்கள். ஹம்பிக்கு நேரெதிரே, ஆற்றின் வடகரையில், தீவு என்றே அவர்கள் அழைத்த விருபாபுர கட்டேயில் தங்கினார்கள். படகில் ஆற்றைக் கடந்தால் வயல், வயலைத் தாண்டினால் பாறை. கோவன் கார்னர் போன்ற விடுதிகளில் சாயங்காலம் மெத்தைகளே உட்காரும் இருக்கைகள். முந்தைய ஆண்டு வந்தவர் இந்த ஆண்டு வருபவருக்கு வழி சொல்வார். வந்தவர்களிடமிருந்து உள்ளூர்ப் பையன்கள் ஏறக் கற்றுக்கொண்டார்கள். மெத்தையும் ஷூவும் வாடகைக்கு விடும் கடை, கற்றுக்கொடுக்கும் வகுப்பு என்று அவர்களுக்கு ஒரு பிழைப்பும் அமைந்தது.

ஆனால் அந்த விடுதிகள் நின்ற நிலம் பாதுகாக்கப்பட்ட நிலம். ஹம்பி 1986-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1988-இல் மாநில அரசு சுற்றியுள்ள கிராமங்களையும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. ஹம்பிக் கடைத்தெருவில் குடியிருந்தவர்களை 2011-லேயே அகற்றினார்கள். விருபாபுர கட்டே வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கட்டடங்கள் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. மார்ச் மாதம் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதே மாதத்தில் ஊரடங்கும் வந்தது.

தீர்ப்பைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தலைநகரின் எல்லைக்குள் யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது. என்னை உறுத்துவது வேறு. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு சமூகம் அங்கே குளிர்காலம்தோறும் கூடியது; அந்த ஊரால் வாழ்ந்தது. ஆனால் ஹம்பி பாரம்பரியப் பகுதி மேலாண்மை ஆணையத்திடம் போய், ‘நாங்கள் இன்னார், எங்களுக்கு இந்த இடம் இப்படித் தேவை, அதற்குப் பதிலாக நாங்கள் இன்னின்ன கட்டுப்பாட்டை ஏற்கிறோம்’ என்று சொல்ல அதற்கு ஒரு பெயர் இல்லை, முகவரி இல்லை. பாறையடியில் ஒருவர் விழுந்தால் பத்துக் கை நீளும் கூட்டம், தன்னைச் சுமந்த கிராமத்தார் விழுந்தபோது பனிக்காலம் முடிந்து வீட்டுக்குப் போயிருந்தது.

வெளிநாட்டவருக்குச் சுற்றுலா விசா நிறுத்தப்பட்டிருந்த அடுத்த குளிர்காலத்தில் பாறைகளில் இருந்தவர்கள் இந்தியர்கள். பெங்களூர், புனே, ஹைதராபாத், சென்னை ஆகிய ஊர்களில் செயற்கைச் சுவர்களில் பழகியவர்கள். தங்கும் இடங்கள் சானாபூர், ஆனேகுந்திப் பக்கம் நகர்ந்தன. ஹம்பி விடுமுறை நம்மவர்களின் விடுமுறையாக மாறியது இப்படித்தான். அதை நான் மனம்விட்டு வரவேற்கிறேன். ஆறு மணி நேரம் பயணம் செய்து வருபவர் ஆண்டுக்கு மூன்றுமுறை வர முடியும். அப்படி வருகிறவருக்குத்தான் அடுத்த ஆண்டும் அந்தப் பாறை அங்கே இருக்க வேண்டும் என்ற கவலை வரும்.

கவலைப்பட வேண்டியவை இருக்கின்றன. 2025 மார்ச்சில் சானாபூர் கால்வாயோரம் இரவில் நட்சத்திரம் பார்க்கப் போன சுற்றுலாப் பயணிகளும் அவர்களை அழைத்துப்போன விடுதிப் பெண்ணும் தாக்கப்பட்டார்கள். இரண்டு பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கால்வாயில் தள்ளப்பட்ட ஒருவர் இறந்தார். அவர்கள் பாறையேறிகள் அல்ல. ஆனால் ஹெட்லைட் கட்டிக்கொண்டு இருட்டிலும் ஏறுகிற பழக்கம் உள்ள கூட்டத்துக்கு அந்தச் செய்தி தங்கள் வீட்டுச் செய்தி. இருட்டியபின் தனித்தனியாகத் திரும்பக்கூடாது, எங்கே ஏறப்போகிறோம் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும், எல்லோரும் வந்து சேரும்வரை ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்ற எளிய கட்டுப்பாடுகளை ஒவ்வொரு குழுவும் தானாகக் கைக்கொள்ள வேண்டும். சிறுத்தையும் கரடியும் நடமாடும் குன்றுகள் என்பதாலும் இது அவசியம்.

கல்லுக்கும் ஒரு கணக்கு

எந்தப் பாறையில் ஏறலாம் என்பது இதைவிடச் சிக்கலானது. ஹம்பியில் வெறும் பாறை எது, வரலாறு எது என்று பிரிப்பது எளிதல்ல. ஏறப்போகிற கல்லின் விளிம்பில் வரிசையாக நீள்சதுரத் துளைகள் தெரிந்தால் நின்று பார்க்க வேண்டும்: விஜயநகரத்துக் கல்தச்சர்கள் ஆப்பு அடித்துப் பிளக்கத் தொடங்கிய கல் அது. அதே கல்லின் பிளந்த பாதி ஏதோ ஒரு மண்டபத் தூணாக நின்றிருக்கும். ஆனேகுந்திக்கு அருகே ஒனக்கே கிண்டியில் வரலாற்றுக்கு முந்தைய பாறை ஓவியங்கள் இருக்கின்றன. ராமாயணக் கிஷ்கிந்தை இதுதான் என்று நம்பும் மக்களுக்கு ஒவ்வொரு குன்றும் புண்ணியத் தலம். இந்தப் பாறை இடுக்குகளை நம்பியே வாழும் மஞ்சள்கழுத்துச் சின்னான் போன்ற அரிய பறவைகளும் உண்டு.

செதுக்கலோ ஓவியமோ துளையோ உள்ள கல்லைத் தொடக்கூடாது என்பதைப் பொறுப்பான ஏறிகள் கறாராகவே கடைப்பிடிக்கிறார்கள். ஏறி முடித்ததும் பிரஷ்ஷால் சாக் கறையைத் தேய்த்துவிட்டுப் போவதும் உண்டு. ஆனால் புதிதாக வருகிறவருக்கு இதை யார் சொல்வது? பக்கத்தில் மெத்தை விரித்த அண்ணனோ அக்காவோ சொன்னால் உண்டு. கூட்டம் சிறியதாக இருந்தவரை அது போதுமாக இருந்தது.

கூட்டம் பெருத்தபோது என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸ் மாநிலத்தின் ஹுயேகோ டேங்க்ஸ் உதாரணம். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் போல்டரிங் கடினத்துக்கான ‘வி’ அளவுகோல் பிறந்த இடம் அது. குளிர்காலம் முழுக்க ஏறிகள் கூடாரம் போட்டுக் குடியிருந்த இடமும்கூட. அங்கேயும் பாறைகளில் பூர்வகுடிகளின் ஓவியங்கள், முகமூடி உருவங்கள். மிதிபட்டும் கிறுக்கப்பட்டும் அவை பாழாகத் தொடங்க, 1998-இல் பூங்கா நிர்வாகம் கதவைப் பாதி சாத்தியது. வடக்குக் குன்றில் ஒரே சமயத்தில் 70 பேருக்குமேல் அனுமதி இல்லை. மற்ற குன்றுகளுக்கு வழிகாட்டியோடுதான் போகலாம். முதல்முறை வருகிற ஒவ்வொருவரும் ஓவியங்களைப் பற்றிய அறிமுகப் படத்தைப் பார்த்தாக வேண்டும். அன்று ஏறிகளிடையே பெரிய கோபம் எழுந்தது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு வந்த பிறகு கால் நூற்றாண்டு கடந்தும் அங்கே ஏற்றம் நடக்கிறது, ஓவியங்களும் இருக்கின்றன.

ஹம்பியில் அந்தக் கட்டம் வருமுன்பே பேசத் தொடங்கலாம். அதற்குத் தேவையான ஆட்கள் இப்போதே அங்கே இருக்கிறார்கள்: வெளிநாட்டவரின் மெத்தையைச் சுமக்கப் போய் ஏறக் கற்றுக்கொண்டு, இன்று நகரத்துப் பிள்ளைகளுக்கு ஸ்பாட்டிங் சொல்லித்தருகிற உள்ளூர் இளைஞர்கள். எந்தக் கல் கிராம தேவதையுடையது, எந்த இடுக்கில் கரடி படுக்கும், எந்த வயலின் குறுக்கே நடந்தால் உடையவர் கோபிப்பார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களை அனுமதி பெற்ற வழிகாட்டிகளாக ஆணையம் அங்கீகரிக்கலாம். ஏறலாம் என்று ஒப்புக்கொள்ளும் பாறைப் பகுதிகளைத் தொல்லியல் துறையோடு உட்கார்ந்து வரைபடமாகக் குறிக்கலாம். சட்டப்படி தங்கும் இடம் ஒன்றை வடகரையில் ஒதுக்கலாம். பெங்களூரிலும் சென்னையிலும் சுவர் நடத்துகிறவர்கள் தங்கள் மாணவர்களை ஹம்பிக்கு அனுப்பும்முன் ஒரு மணி நேரமாவது அந்த ஊரைப் பற்றிச் சொல்லி அனுப்பலாம். இவை எதற்கும் பெரிய பணம் வேண்டாம். ஏறிகள் சங்கமாகப் பதிவுசெய்துகொண்டு ஒரு மனுவோடு ஆணைய அலுவலகத்துக்குப் போக வேண்டும். அடுத்த சீசன் தொடங்க நவம்பர்வரை அவர்களுக்கு நேரம் இருக்கிறது.